அக்கரைக் காய்ச்சல்

நான் ஆற்று மணலில் பாதி தூரம் வருவதற்குள் அவர் எதிர்க்கரையில் வந்து நின்றுவிடுவார். இடது கையைச் சொம்புத் தண்ணீரில் கழுவி, மோதிர விரலைத் துண்டில் துடைத்துத் தயாராக வைத்திருப்பார். குத்த வேண்டியவன்தான் இன்னும் போய்ச் சேர்ந்திருக்க மாட்டேன்.

குண்டாற்று மணலில் சைக்கிளை உருட்ட முடியாது. நாலடி போனதும் முன்சக்கரம் புதைந்துகொள்ளும். தோளில் தூக்கிக்கொண்டு நடந்தால் பெடல் விலாவில் இடிக்கும். செருப்பைக் கழற்றினால் மணல் சுடும், போட்டுக்கொண்டால் உள்ளே புகுந்து சுடும்.

"காய்ச்சல் உண்டாண்ணே?" என்று நடு ஆற்றிலிருந்தே கத்துவேன்.

"இருக்கு சார், இருக்கு. நீங்க பைய வாங்க."

காய்ச்சல்காரனுக்கு இருக்கக் கூடாத தெம்போடு சொல்வார் சங்கிலி அண்ணன். வெகு நாளைக்கு அந்தத் தெம்பு என் காதில் விழவே இல்லை.

பதினைந்து நாளுக்கு ஒரு கேள்வி

போன வாரம் சைக்கிள் வாங்கிய கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஓர் அன்பர், "அந்தச் சைக்கிளில் அப்படி எங்கேதான் போனீர்கள்?" என்று கடிதம் போட்டிருக்கிறார். எங்கேயும் போகவில்லை ஐயா. போன இடத்துக்கே பதினைந்து நாளுக்கொரு தரம் போய்க்கொண்டிருந்தேன்.

நான் மலேரியா ஊழியன். அறுபதுகளின் பின்பாதியில் சேர்ந்தேன். திருச்சுழியில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, குண்டாற்றின் இரண்டு கரை ஊர்களையும் சுற்றி வர வேண்டும். வீடு வீடாகப் போய் ஒரே கேள்வி: இங்கே யாருக்காவது காய்ச்சல் உண்டா?

இல்லை என்றால் அடுத்த வீடு. உண்டு என்றால் விரலில் குத்தி, ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி, காயவைத்து, காகிதத்தில் சுற்றி ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். பரிசோதனை அங்கே நடக்கும். ரத்தம் கொடுத்தவர் என் கண் முன்னால் நாலு மாத்திரை விழுங்க வேண்டும். வேப்பங்கொழுந்து தித்திப்பு என்று சொல்ல வைக்கும் கசப்பு.

வந்து போனதற்கு அத்தாட்சி வீட்டுச் சுவரில் இருக்கும். தகட்டில் வெட்டிய அச்சை வைத்து ஒரு கட்டம் வரைந்திருப்போம். ஒவ்வொரு சுற்றிலும் அதில் தேதி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறவர்கள் அந்தக் கட்டத்தை மட்டும் விட்டுவிட்டு அடிப்பார்கள். ஒரு வீட்டில் அதைச் சுற்றிக் காவிப் பட்டை போட்டு அழகு பண்ணியிருந்தார்கள். என் கோழிக்கிறுக்கல் கையெழுத்துக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.

வழி

அருப்புக்கோட்டைப் பக்கம் கரிசல். வெயில் காலத்தில் வெடித்துக் கிடக்கும், வெடிப்பில் சக்கரம் மாட்டினால் ஆள் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். ஒரு மழை பெய்துவிட்டால் போதும், மண் மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றவிடாது. குச்சியை வைத்துக் குடைந்து குடைந்து எடுக்க வேண்டும். பத்தடிக்கு ஒரு தரம் குடைவேன்.

ஆற்றங்கரைப் பாதை வேறு மாதிரி. வண்டிச் சக்கரம் அறுத்த இரண்டு தடம், நடுவில் ஒரு மேடு. தடத்தில் புழுதி, மேட்டில் முள். நான் மேட்டில்தான் விடுவேன். வாரத்துக்கு மூன்று பஞ்சர். ஒட்டுத்துண்டும் பசையும் என் பையில் மாத்திரைக்குப் பக்கத்திலேயே இருக்கும், மாத்திரையில் பசை வாசம் அடிக்கிறது என்று ஒரு ஊரில் சண்டைக்கு வந்தார்கள்.

ஆடி மாதத்தில் கிழக்கே போகையில் காற்றே தள்ளிக்கொண்டு போகும். திரும்பி வரும்போது அதே காற்று நெஞ்சில் கையை வைத்து நிறுத்தும். பெடலில் ஏறி நின்று மிதித்தாலும் பக்கத்தில் போகிற மாட்டு வண்டி என்னை முந்திவிடும். வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, "ஏறிக்கிறீகளா?" என்று கேட்பார். ரோஷத்தில் மாட்டேன் என்று விடுவேன். பிறகு அவர் தலை மறையும் வரை வருத்தப்படுவேன்.

பனங்காடு, கண்மாய்க்கரை, காய்ந்த ஓடை, மறுபடி பனங்காடு. ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது வீட்டில் பேசுவேன். அத்தனையும் அந்த ஒரே கேள்விதான். சாயங்காலம் அறைக்கு வந்து கதவைச் சாத்தினால், இன்றைக்கு யாரோடும் பேசவில்லையே என்று தோன்றும்.

ஞாயிற்றுக்கிழமை அருப்புக்கோட்டைக்குப் போவேன். எங்களுடையது நெசவாளர் குடும்பம், வீட்டுக்குள் கன்னடம், தெருவுக்கு வந்தால் தமிழ். தறியில் உட்கார மாட்டேன் என்று கிளம்பியவன் என்பதால் அப்பாவுக்கு என் மேல் கோபம். அண்ணன்மார் இரண்டு பேரும் தறி ஓட்டிக்கொண்டே, "எப்ப வந்தே?" என்று கேட்பார்கள். தறிச் சத்தத்தில் என் பதில் அவர்களுக்குக் கேட்காது. மறுபடி கேட்கவும் மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

ஊரெல்லாம் காய்ச்சலை விசாரிக்கிறவனை யாரும் எதுவும் விசாரிக்கவில்லை. இதைச் சொல்லிக்கொள்ள இன்றைக்கும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. இருபத்து மூன்று வயதுத் தடிமாட்டுக்கு அதெல்லாம் ஒரு குறையா என்று நீங்கள் கேட்கலாம். குறையாகத்தான் இருந்தது.

காட்டேந்தல்

அந்த வழியில் ஆற்றுக்கு அக்கரையில் ஓர் ஊர். ஊர் என்பது பேச்சுக்கு. ஆறு வீடு. காட்டேந்தல் என்று பெயர். மழை பொய்த்த வருஷங்களில் ஐந்து வீட்டுக்காரர்கள் பிழைப்பைத் தேடிப் போய்விட்டார்கள். மிச்சம் ஒரு வீடு, அதில் சங்கிலி அண்ணன்.

அவருக்கு ஐம்பது வயது இருக்கும். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள் காரியாபட்டிப் பக்கம் வாக்கப்பட்டுப் போனவள், வருஷத்துக்கு ஒரு முறை வருவாள். ஆறேழு ஆடு வைத்திருந்தார். மற்ற ஐந்து வீட்டுச் சாவிகளும் அவரிடம்தான் இருந்தன.

முதல் சில சுற்றுகளில், "இல்ல சார்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் சுவரில் தேதி போட்டுவிட்டு, அவர் கொடுக்கும் தண்ணீரைக் குடித்துவிட்டு ஆற்றில் இறங்கிவிடுவேன். எல்லாம் இரண்டு நிமிஷம்.

ஒரு தடவை நிஜமாகவே உடம்பு சுகமில்லை போலிருக்கிறது. ரத்தம் எடுத்தேன். அப்போது ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பெயர், தகப்பன் பெயர், வயது, எத்தனை நாளாகக் காய்ச்சல், போன மாதம் வெளியூர் எங்கே போனீர்கள், வெளியூரிலிருந்து யார் வந்தார்கள். கண்ணாடிச் சில்லில் ரத்தம் காய்வதற்கும் நேரம் ஆகும். அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மற்றவர்களெல்லாம் அந்தக் கேள்விகளுக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்வார்கள். சங்கிலி அண்ணன் அப்படிச் சொல்லவில்லை. வெளியூர் போனீர்களா என்றால் நரிக்குடிக்குப் போனதையும், போகும் வழியில் எந்தக் கண்மாயில் எவ்வளவு தண்ணீர் கிடந்தது என்பதையும், டீக்கடையில் பார்த்த ஆள் தன் சின்ன வயதுக் கூட்டாளி மாதிரியே இருந்ததையும், ஆனால் அவன் இல்லை என்பதையும் சொன்னார். தகப்பன் பெயரைக் கேட்டதற்குத் தகப்பனின் கதையே வந்தது.

எனக்கும் அது பிடித்திருந்தது. அந்தப் பாதையில் கேள்விக்கு மேலே ஒரு வார்த்தை பேசிய ஆள் அவர் ஒருவர்தான். "சைக்கிள்ல வாரீகளே, கால் வலிக்காதா சார்?" என்று கேட்டவரும் அவர் ஒருவர்தான்.

அடுத்த சுற்றிலும் காய்ச்சல். அதற்கு அடுத்ததிலும். வெயிலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார், என்னைக் கண்டதும் ஒரு முனகல் முனகுவார். விரலை நீட்டுவார், நாலு மாத்திரையையும் மடமடவென்று விழுங்குவார். பிறகு போர்வையை மடித்து வைத்துவிட்டு, "ம், கேளுங்க சார்" என்பார்.

ஏழு கண்ணாடி

ஆபீசுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. இன்ஸ்பெக்டர் ஒரு தாளை என் முன்னால் தள்ளினார்.

"காட்டேந்தல்ல ஒரே ஆளுக்கு ஏழு தடவை காய்ச்சலா? ஏழும் ஒண்ணுமில்லேன்னு வந்திருக்கு."

"அவர் காய்ச்சல்னு சொல்றாரு சார். நான் எடுக்கிறேன்."

"அங்கே ஆளே கிடையாதுன்னு கேள்விப்பட்டேன். மரத்தடியில உக்காந்து யார் விரலைக் குத்துறே? உன் விரலையா?"

எங்களில் சிலர் அப்படிச் செய்வது உண்டு. இத்தனை ரத்தம் எடுத்தாக வேண்டும் என்று மேலே இருந்து நெருக்குவார்கள். அலைந்து திரிய அலுத்துப்போய் ஒரே விரலை நாலு கண்ணாடியில் தடவி, நாலு பெயர் எழுதி அனுப்பிவிடுவார்கள். நான் அதைச் செய்ததில்லை. அந்த ஆற்று மணலில் சைக்கிளைச் சுமந்தவனைப் பார்த்து அப்படிக் கேட்டால் ரத்தம் கொதிக்காதா? ஆனால் நான் அப்போது தற்காலிக ஊழியன், நிரந்தரம் ஆவதற்கு அவர்தான் எழுத வேண்டும்.

"இன்னொரு கண்ணாடி அந்த ஆள் பேர்ல வந்தது, நான் வேற மாதிரி எழுத வேண்டியிருக்கும். போ."

அந்த வேலை போனால் எனக்குத் தறிதான். அப்பா முன்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய் உட்கார வேண்டும். வழி நெடுக அது ஒன்றையே நினைத்துக்கொண்டு மிதித்தேன்.

இன்ஸ்பெக்டரிடம் காட்ட முடியாத கோபத்தைக் காட்டேந்தலில் போய்க் கொட்டினேன்.

"உங்களுக்கு நெசமாவே காய்ச்சல் இருந்துச்சாண்ணே? ஏழு தடவையும்?"

சங்கிலி அண்ணன் போர்வையைக் கீழே வைத்தார். மறைக்கவில்லை.

"மொத தடவ இருந்துச்சு சார்."

"மத்தது?"

"காச்சல் இல்லேன்னா நீங்க நிக்கிறதே இல்ல. இருக்குன்னா உக்காருவீக. அதுக்குத்தேன்."

"அதுக்காக அந்தக் கசப்பைத் தின்னீங்களா?"

"கசப்பு என்ன சார், தண்ணி குடிச்சாப் போயிருது."

இப்போது எழுதும்போது அந்தப் பதில் உறைக்கிறது. அன்றைக்கு உறைக்கவில்லை. "உங்களுக்குப் பொழுது போகலேன்னா ஆட்டுக்கிட்டப் பேசுங்க. என் சோத்துல மண்ணள்ளிப் போடாதீங்க" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "தப்புத்தேன் சார். ஒங்க சோலிக்கு எடஞ்சல்னு தெரியாமப் போச்சு" என்றார்.

அதற்குப் பிறகு மூன்று சுற்று, கரையிலேயே நின்று, "இல்ல சார்" என்று சொல்லிவிட்டார். நான் தேதி போட்டுவிட்டுத் திரும்பினேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ஆற்றைத் திரும்பக் கடக்கும்போது சைக்கிள் முன்னைவிடக் கனத்தது.

எட்டாவது

பங்குனி வெயில். நான் கரை ஏறியபோது அவர் அங்கே நிற்கவில்லை. வீட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போர்வை இல்லை, முனகல் இல்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

"சார், கோவப்படாதீக. இன்னைக்கு இருக்கு."

நடிப்பு எதுவும் இல்லாததால்தான் நான் நம்பவில்லை. ஆள் புது வித்தை கற்றுக்கொண்டார் என்று நினைத்தேன்.

ரத்தம் எடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். எடுக்கவில்லை என்று அவர் யாரிடமாவது சொல்லி வைத்தால் அதுவும் எனக்கு வினை. எடுத்து அனுப்பினால் இன்ஸ்பெக்டர் சொன்னபடி செய்வார். இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஒரு வழி தோன்றியது. ஊசியை எடுத்து அவர் விரலைப் பிடித்தேன்.

விரல் சுட்டது. எனக்கு நன்றாகத் தெரிந்தது. இந்த வெயிலில் யார் விரல்தான் சுடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நெற்றியைத் தொட்டுப் பார்க்க அரை நொடி போதும். தொடவில்லை.

படிவத்தை எடுக்கவில்லை. கேள்வி எதுவும் கேட்கவில்லை. "மாத்திரை தீர்ந்துபோச்சுண்ணே, அடுத்த தடவை தாரேன்" என்றேன். மாத்திரை பையில் இருந்தது. ஆபீசுக்குக் கண்ணாடி போகாமல் மாத்திரைக் கணக்கை மட்டும் எழுத முடியாது, அவ்வளவுதான்.

"சரிங்க சார்" என்றார்.

ஆற்றின் நடுவில் ஆடுகளுக்காக அவர் தோண்டி வைத்திருந்த ஊற்று ஒன்று உண்டு. அங்கே சைக்கிளை இறக்கி வைத்தேன். பையிலிருந்து அந்தக் கண்ணாடியை எடுத்து, ஊற்றுத் தண்ணீரில் முக்கி, விரலால் தேய்த்துக் கழுவினேன். ரத்தம் இன்னும் முழுசாகக் காயவில்லை, சட்டென்று போய்விட்டது. கண்ணாடியைத் துடைத்துப் புதுசுகளோடு சேர்த்து வைத்தேன். திரும்பிப் பார்த்தேன். கரையில் யாரும் இல்லை.

பூட்டிய வீடு

அடுத்த சுற்றில் கதவு சாத்தியிருந்தது. ஆடுகளைக் காணோம். ஆற்றுக்குள் ஆட்டுக்கிடை போட்டிருந்த ஒருவரிடம் கேட்டேன்.

"சங்கிலியா? காச்சல்ல நெனப்பு இல்லாமக் கெடந்தாரு. ஆடு பட்டியிலயே கத்திக்கிட்டுக் கெடக்கேன்னு எட்டிப் பார்த்தேன். எத்தன நாளோ தெரியல, வாயெல்லாம் காஞ்சு கெடந்துச்சு. வண்டியில போட்டு நரிக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்."

"இப்ப எப்படி இருக்காரு?"

"தெரியலயே. ஆட்ட நாந்தேன் பாத்துக்கிறேன்."

எங்கள் விதிப்படி, ஆள் இல்லாத வீட்டில் 'பூட்டு' என்று எழுதித் தேதி போட வேண்டும். எழுதினேன்.

நரிக்குடி அங்கிருந்து ஒரு மணி நேர மிதி. வியாழக்கிழமைகளில் என் பாதையே அந்தப் பக்கம்தான். நாளைக்குப் போகலாம், அடுத்த வாரம் போகலாம் என்று தள்ளிப்போட்டேன். உண்மையில் பயம். அவர் உயிரோடு இல்லை என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று ஒரு பயம். உயிரோடு இருந்து என்னைப் பார்ப்பாரே என்று அதைவிடப் பெரிய பயம். நரிக்குடி கண்ணுக்குத் தெரிகிற கண்மாய்க்கரை வரை ஒரு நாள் போனேன். அங்கிருந்து சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். யாரிடமாவது சொல்லி அழலாம் என்றால் யாரும் இல்லை.

அடுத்த சுற்றிலும் பூட்டு. இடையில் ஆபீசிலிருந்து காகிதம் வந்தது. என்னை நிரந்தரம் ஆக்கிவிட்டார்கள்.

அவர் கேட்டது

அதற்கும் அடுத்த சுற்றில், நடு ஆற்றிலேயே பார்த்துவிட்டேன். கரையில் நின்றுகொண்டிருந்தார். சட்டை இல்லாத உடம்பில் எலும்பை எண்ணலாம். தலைமுடி கொட்டியிருந்தது. உயிரோடுதான் இருக்கிறார் என்றதும் சைக்கிளைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தேன்.

"வாங்க சார். நான் இல்லாதப்ப ரெண்டு தடவ வந்து போயிருக்கீக போல. செவத்துல எழுதியிருக்கு."

"ஆமாண்ணே. உடம்பு எப்படி இருக்கு?"

"இப்பத் தேவல சார். சோறு எறங்குது." பிறகு, "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். கடைசியா என்கிட்ட எடுத்துட்டுப் போனீகளே, அந்தக் கண்ணாடியில என்ன வந்துச்சு?"

வழியெல்லாம் ஆயிரம் கேள்விகளுக்குப் பதில் யோசித்து வைத்திருந்தேன். ஏன் மாத்திரை தரவில்லை, ஏன் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்றெல்லாம் கேட்பார் என்று நினைத்தேன். இதை யோசிக்கவில்லை.

"ஒண்ணும் வரலைண்ணே" என்றேன்.

"காச்சல் இல்லேன்னா வந்துச்சு?"

"ஆமா."

அவர் தன் விரலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"அப்படியா சார். நான் நெசமான காச்சல்னுல்ல நெனச்சேன்." முகத்தில் சங்கடம். "கண்ணாடி தப்பாச் சொல்லாது. நான் பொய் சொன்னப்பல்லாம் சரியாக் கண்டுபிடிச்சதுதான. அப்ப அன்னைக்கும் நாந்தேன் பொய் சொல்லியிருக்கேன் போல. சொல்லிச் சொல்லி ஒடம்புக்கும் அதே பழக்கமாப் போச்சு."

கழுவிவிட்டேன் அண்ணே என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த மூச்சு வரவில்லை. சட்டைப் பைக்குள் நிரந்தர உத்தரவின் மடிப்பு நெஞ்சில் பட்டுக்கொண்டிருந்தது.

"நீங்க அன்னைக்குக் கோவப்பட்டது சரிதேன்" என்றார் சங்கிலி அண்ணன். "மன்னிச்சிருங்க சார்."

நான் சுவர்ப்பக்கம் போய்த் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக் குடித்துவிட்டு, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கினேன்.